ஊவா மலைநாட்டுக் குதிரைகளும் பரிமருத்துவப் பயிற்சியும்

புகையிரதம் பதுளையை வந்தடைந்தது 1924 ஆம் ஆண்டிலாகும். 1894 இற் பண்டாரவளைவரை வந்து நின்ற இருப்புப்பாதை, எஞ்சிய தொலைவைக் கடப்பதற்கு முப்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அவ்விடைக்காலத்தின் பெரும்பகுதியிற் பண்டாரவளையில் இறங்கிய பிரயாணி, தெருவழியே பதினெட்டு மைல் சென்றே பதுளையைக் காண வேண்டியிருந்தது. 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நகரில் வாழ்ந்தோர் 5,924 பேர். ஆயின் நகருக்கு அப்பால், பசறை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளிலே, தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. தோட்டத்துரையின் பங்களாவுக்கு அணித்தாகக் குதிரை லாயம் ஒன்று இருப்பது அக்காலத்து வழக்கம்.

அந்த லாயத்திற் கட்டப்பட்டிருந்த குதிரை ஓரிரவிலே வயிற்றுச் சூலையால் நிலத்திற் புரண்டு துடித்ததாயின், அதனைப் பார்க்க வந்தவர் யாவர்? இவ்வினா சிறிதாகத் தோன்றலாம். எனினும் இதற்கு விடை தேடிச் செல்லின், பட்டம் பெற்ற மிருக வைத்தியன் ஒருவன் எப்போது குதிரை வைத்தியனாகின்றான் என்னும் பெரியதொரு வினாவிற் போய் முடியும். கல்லூரியை விட்டு வெளியேறியவுடன் அவன் குதிரை வைத்தியனாகி விடுவதில்லை. அநுபவம் முதிர்ந்த ஒருவரின் கீழ் ஓராண்டேனும் இரவு பகலாகப் பணிசெய்து, கை பழகிய பின்னரே அவன் அப்பெயருக்கு உரியவனாகின்றான். இக்காலத்தில் அதனை உள்ளகப் பயிற்சி என்பர். மேல்நாடுகளில் இன்று பெரிதும் விவாதிக்கப்படும் இப்பயிற்சியின் வரலாற்றை ஊவாவிலிருந்து நோக்கும்போது ஒரு விநோதம் புலப்படுகின்றது. குதிரைகள் நிறைந்திருந்த காலத்தில் இங்கே பயின்ற வைத்தியர் இலர். பயின்ற வைத்தியர் வந்த காலத்திற் குதிரைகள் இல.

ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886 ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் அது மத்திய மாகாணத்தின் ஒரு கூறாகவே ஆளப்பட்டது. கோப்பிப் பயிர் மலைநாட்டிற் பரவிய காலந்தொட்டே வெள்ளைத் தோட்டக்காரர் இங்கும் காடு வெட்டத் தொடங்கிவிட்டனர். கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதற் காணப்பட்டதும் இம்மாகாணத்து மடுல்சீமையிலேதான், ஆண்டு 1869. கோப்பி வீழ்ந்தபின் தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். பயிர் மாறியதேயன்றி நிலம் மாறவில்லை. பதுளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தது; அப்புத்தளையோ 4,600 அடிக்கு மேற்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள ஏற்ற இறக்கங்களில், ஒரு தோட்டத்தின் ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குச் சென்று வேலை பார்ப்பதற்கே துரைக்குக் குதிரை வேண்டியிருந்தது. மூட்டைகளைச் சுமந்தவை எருதுகள். பொதிமாட்டுத் தவளங்களும், பின்னர் தெரு திறந்தபோது மாட்டுக் கரத்தைகளும் அத்தொழிலைச் செய்தன. குதிரை மனிதனைச் சுமப்பதற்கென்றே வைக்கப்பட்டது. தோட்டத்துரைமாரின் சம்பளத்தோடு குதிரைப்படி என ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கப்பட்டமை, குதிரை அக்காலத்தில் ஆடம்பரமன்று, தொழிற்கருவி என்பதைக் காட்டும்.

இக்குதிரைகள் இம்மண்ணிற் பிறந்தவையல்ல. வடக்கே நெடுந்தீவிற் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தனர். ஆங்கிலராட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரி அங்கே அதனை மேற்பார்த்து வந்தார். பின்னர் அவ்வளர்ப்புக் கைவிடப்பட்டது. மலைநாட்டுக்கு வேண்டிய குதிரைகள் கடல் கடந்தே வந்தன. அவற்றுள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை பல. நியூ சவுத் வேல்ஸ் என்னும் நாட்டின் பெயரால் வேலர் என்றழைக்கப்பட்ட அவ்வினம், இந்தியப் படைக்கும் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியானது. உலர்ந்த வெளிகளில் வளர்ந்த குதிரை, மழையும் பனியும் அட்டையும் மலிந்த மலைக்கு வந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குச் சாமுவேல் பேக்கரின் நூல் சான்றாகும்.

பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணையொன்றை அமைக்கக் கருதி, 1848 இல் உயர்குலக் குதிரையும் பசுவும் ஆடும் வேட்டைநாயும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். நுவரெலியா ஊவாவின் எல்லையோரத்தது. குளிரும் மழையும் இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. 1855 இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறுவதன்படி, சில நாட்களுள் 26 எருதுகள் கொள்ளைநோயால் மாண்டன. முதலாண்டிலேயே ஐந்து அவுஸ்திரேலியக் குதிரைகள் இறந்தன. அவர் இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்த பெர்க்ஸ் என்னும் குதிரைக்காரன் வண்டியையும் குதிரைகளையும் மலைப்பாதையிலிருந்து பள்ளத்தில் உருட்டிவிட்டு, எசமானுக்கு எழுத்துப்பிழைகள் நிறைந்த கடிதமொன்றை எழுதிய கதை, அந்நூலைப் படித்தோர் மறவாத நகைச்சுவை. நகைச்சுவையைச் சற்றே விலக்கிப் பார்த்தால் தெரிவது வேறு. பெருஞ்செலவிற் குதிரைகளை வாங்கிய செல்வரிடத்தும், அவை நோயுற்றால் அழைப்பதற்கு அறிவுடைய வைத்தியர் ஒருவர் இருக்கவில்லை. பேக்கருக்கு இல்லாத வசதி மடுல்சீமைத் தோட்டத்துரைக்கு எங்ஙனம் வாய்த்திருக்கும்?

ஆகவே குதிரையைக் காத்தவன் குதிரைக்காரனே. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழருட் சிலர் கொழுந்து பறித்தல், கவ்வாத்து வெட்டுதல் ஆகியவற்றை விட்டு இத்தொழிலில் அமர்ந்தனர். சவாரி செல்லும் துரையின் பின்னே ஓடிச்சென்று, அவர் இறங்குமிடத்திற் கடிவாளத்தைப் பற்றிக்கொள்ளுதல், திரும்பியதும் வியர்வையை வழித்துத் தேய்த்தல், கொள்ளை அவித்து ஆறவைத்து ஊட்டுதல், குளம்பிற் சிக்கிய கல்லை அகற்றுதல் முதலியன அவன் கடமைகள். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் பார்வைக்குப் பசுமையாயினும், அங்கே மண்டி வளரும் மானாப்புல் முற்றியபின் குதிரைக்கு நல்லுணவாகாது. எப்புல்லை எப்பருவத்தில் அறுப்பது என்பதும் அவன் அறியவேண்டிய கல்வியாயிற்று. இரவிற் குதிரை ஒருக்கால் கால் மாற்றி நிற்பதையும், தீனியை முகர்ந்துவிட்டு முகந்திருப்புவதையும் முதலிற் கண்டவன் அவனே. நோயறிதலின் முதற்படி அதுவன்றி வேறென்ன? இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்தவனிடமிருந்து இளையவனுக்கும் கைவழியே சென்றது. ஏட்டில் ஏறவில்லை. பெர்க்ஸின் பெயர் நூலேறி இன்றும் நிலைத்திருக்கின்றது. தோட்டங்களிற் குதிரை காத்த தமிழருள் எத்தனை பேரின் பெயர் அவ்வாறு நிலைத்தது?

இவ்விடத்து ஒரு சொல்லைப்பற்றி இடைக்குறிப்பாகச் சிறிது கூறலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை லயம் என்பது மலைநாட்டு வழக்கு. குதிரை கட்டும் லாயம் என்னும் சொல்லே திரிந்து இவ்வாறாயிற்று எனச் சிலர் கருதுவர். வரிசை எனப் பொருள்படும் லைன் என்னும் ஆங்கிலச் சொல்லின் வழியே அது வந்தது என்பதே பொருந்துவதாகும். எனினும் முன்னைய கருத்துப் பரவியமைக்குக் காரணம் மொழியன்று. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடைக்கப்பட்ட சிற்றறைகளைக் கண்டோர்க்கு லாயத்தின் நினைவு வந்தது இயல்பே.

குதிரை வைத்தியத்துக்குப் பயிற்சிமுறை இல்லாத அதே தோட்டங்களில், வேறொரு தொழிலுக்கு மிகச் செப்பமான பயிற்சிமுறை இருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வரும் வெள்ளை இளைஞன் உடனே துரையாகிவிடுவதில்லை. அநுபவமுள்ள பெரியதுரை ஒருவரிடம் சம்பளமின்றி, பல வேளைகளில் தானே பணங்கொடுத்து, வேலை பழகவேண்டும். அவ்வாறு பழகுவோனைக் கிறீப்பர், அதாவது படர்கொடி, என ஆங்கிலேயர் வேடிக்கையாக அழைத்தனர். கொழுந்தின் பருவம் அறிதல், கணக்குப் பார்த்தல், தொழிலாளரோடு தமிழ் பேசுதல் ஆகியவற்றைப் படர்கொடி பெருமரத்தைப் பற்றி நின்று கற்றது. பின்னரே அவன் சின்னத்துரை ஆனான். நூலறிவு கையறிவாக மாறுவதற்குக் காலமும் ஆசானும் வேண்டும் என்னும் உண்மையை ஊவாவின் துரைமார் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. ஆயின் அவ்வேணி ஒரு சாராருக்கு மட்டுமே சாத்தப்பட்டது. லாயத்திலே வளர்ந்த குதிரைக்காரனின் மகன் எத்துணை நுட்பமாகக் குதிரையை அறிந்திருந்தாலும், அவ்வறிவைப் படிப்பாகவும் பதவியாகவும் மாற்றிக்கொள்ள அவனுக்கு வழியிருக்கவில்லை.

பரிமருத்துவர் இல்லாக் குறை ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்திலும் ஈழத்திலும் அது பழையதொரு குறை. குதிரை வாணிகத்துக்கும் ஈழத்துக்குமுள்ள தொடர்பு மகாவம்சத்திற் பதிவாகியுள்ளது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதியுடன் ஆண்ட தமிழராகிய சேனன், குத்திகன் இருவரையும் குதிரை வாணிகன் ஒருவனின் புதல்வர் என அந்நூல் கூறுகின்றது. பிற்காலத்தரசனாகிய புத்ததாசன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் போர்வீரருக்கும் தனித்தனி வைத்தியரை நியமித்தான் என்பது சூளவம்சச் செய்தி. இத்தகைய நியமனம் நிலையாக வேரூன்றியிருக்குமாயின் பின்வந்த நூற்றாண்டுகளின் கதை வேறாயிருக்கும். பாண்டியன் கொடுத்த பொன்னோடு திருப்பெருந்துறைக்குக் குதிரை வாங்கச் சென்ற மணிவாசகரின் வரலாறு சைவ மக்கள் யாவரும் அறிந்ததே. நரி பரியான திருவிளையாடலிற் பொதிந்துள்ள அருட்பொருள் ஒருபுறமிருக்க, அரசொன்றின் செல்வம் குதிரைக்காகத் துறைமுகத்தை நோக்கிச் சென்றது என்னும் வரலாற்றுச் செய்தியும் அதிலுண்டு.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ அச்செலவின் காரணத்தை வெளிப்படையாகவே எழுதியுள்ளார். அந்நாட்டரசர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சா என்றும், பராமரிக்கத் தெரிந்தோர் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அதனினும் வியப்பானது வேறொன்று. குதிரை வைத்தியம் அறிந்தோரை அராபிய, பாரசீக வணிகர் தம்முடன் அழைத்து வருவதில்லை. வேறெவரும் அழைத்துவர விடுவதுமில்லை. குதிரை இறந்தாலன்றோ அடுத்த ஆண்டின் வாணிகம் நடைபெறும்? மார்க்கோ போலோவின் தொகைகள் மிகையாயிருக்கலாம். ஆயினும் அறிவை மறைத்து வைத்தல் இலாபந்தரும் வாணிகம் என்பதை அவர் கூறுமிடம் மிகையன்று. வடமொழியில் சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் பரிநூல்கள் வழங்கின. நகுலனின் அசுவசாத்திரத்தை ஓவியங்களுடன் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தார் 1952 இல் அச்சேற்றினர். நூல் இருந்தது, அந்நூலைக் கையிற் பழக்கித்தரும் ஆசானும் மாணவனும் கூடும் இடம் இல்லாமற் போயிற்று.

நூலளவில் மட்டும் குதிரை வைத்தியத்தைக் கற்கமுடியாதது ஏன் என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லை. அதன் இரைப்பை உடலளவை நோக்க மிகச் சிறியது. பெருங்குடலோ பரந்து வளைந்து கிடப்பது. ஆதலாற் சூலை கண்ட குதிரையின் இரைப்பையிற் சேர்ந்த நீரும் காற்றும் தாமாக வெளியேறா. வைத்தியர் மூக்கின் வழியே குழாயொன்றைச் செலுத்தி வெளியேற்றாவிடின் இரைப்பை வெடித்தலும் கூடும். அக்குழாய் உணவுக்குழலுக்குட் செல்லாது மூச்சுக்குழலுக்குட் சென்றுவிட்டால், அதன் வழியே ஊற்றும் மருந்து நுரையீரலை நிரப்பிக் குதிரையைக் கொல்லும். எக்குழலுட் சென்றது என்பதைச் சொல்லுவது விரலில் உணரப்படும் சிறியதொரு தடை. மலக்குடல் வழியாகக் கையை விட்டுக் குடலின் நிலையை அறிதலும் அவ்வாறே. கண்ணுக்குப் புலப்படாத உறுப்புகளைக் கை ஒவ்வொன்றாக இனங்காண வேண்டும். கழுத்து நாளத்தில் ஊசியேற்றும்போது அதனையடுத்து ஓடும் நாடியிற் குத்திவிட்டால், சில நொடிகளில் அப்பெருவிலங்கு நிலத்தில் வீழ்ந்து வலிக்கும். வீழும் குதிரை வைத்தியனையும் நசுக்கும். நொண்டும் குதிரையை நடத்திப் பார்த்து, நான்கு காலில் நோயுள்ள கால் எதுவென்று சொல்வதற்கு நூறு குதிரைகளைப் பார்த்த கண் வேண்டும். சோதனையில் முதற்றரமாகத் தேறிய மாணவனும் முதல் நாளிரவிற் சூலைக் குதிரையின் முன் தனித்து நிற்கும்போது தடுமாறுவது அவன் குற்றமன்று.

மேல்நாட்டில் மிருக வைத்தியக் கல்லூரிகள் தோன்றியபோது அவை பெரும்பாலும் குதிரைக் கல்லூரிகளாகவே இருந்தன. 1761 இற் பிரான்சு தேசத்து லியோன் நகரிலே முதற் கல்லூரியை நிறுவிய குளோட் பூர்ஷலா குதிரையேற்றம் பயிற்றிய ஆசான். 1791 இல் இலண்டனிற் கல்லூரி உண்டானது. தெருவில் ஓடிய வண்டிகளும் படையின் குதிரைகளும் அவர்களுக்கு நோயாளிகளை அளித்தன. பட்டம் பெறும் முன்னரோ பின்னரோ தொழில்புரியும் வைத்தியர் ஒருவரின் வீட்டிற் பணங்கட்டித் தங்கிப் பழகுதல் அங்கே வழக்கமாயிருந்தது. ஊவாவின் படர்கொடிக்கு இவன் உடன்பிறந்தான் எனலாம். 1880 இல் ஓல்டர்ஷொட்டில் அமைந்த படை மிருக வைத்தியப் பாடசாலை புதிதாகப் படையிற் சேர்ந்த வைத்தியரையும் பயிற்றியது. பட்டம் பெற்றவனுக்குக் குதிரையை மீண்டும் கற்பிக்கவேண்டும் என்பதை ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று.

ஏற்றுக்கொண்டதைப் பேணாது விட்டதன் விளைவைத் தென்னாபிரிக்கப் போர் காட்டியது. 1899 முதல் 1902 வரை நடந்த அப்போரிற் பிரித்தானியப் படை இழந்த குதிரைகள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவை. பகைவரின் குண்டுக்கு இரையானவை அவற்றுட் சிறு பகுதியே. ஏனையவை பசியாலும் களைப்பாலும் கவனிக்கப்படாத நோயாலும் மாண்டன. இப்போர் ஊவாவுக்கு அந்நியமானதன்று. 1892 இல் தொடங்கப்பட்ட இலங்கைக் குதிரைக் காலாட்படையிற் சேர்ந்திருந்த தோட்டத்துரைமார் 1900 இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்றனர். அதே ஆண்டில் அங்கே சிறைப்பட்ட போயர் வீரர் கப்பலேறி வந்து, பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையில் அடைக்கப்பட்டனர். இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகை ஏறத்தாழ ஐயாயிரம். பிறந்தது முதற் குதிரைமேல் வாழ்ந்த அம்மக்கள், முள்வேலிக்குள்ளே கால்நடையாக உலவி ஊவாவின் மலைகளைப் பார்த்திருந்தனர். போர் முடிந்தபின் எழுந்த கண்டனத்தின் பயனாக 1903 இற் படை மிருக வைத்தியக் குழு உருவாக்கப்பட்டது. இளம் வைத்தியர் மூத்தோரின் கீழ் வைத்தியசாலைகளில் முறையாகப் பணிபுரியலாயினர். முதலாம் உலகப்போரின்போது பிரான்சிலிருந்த அவர்களின் வைத்தியசாலைகளில் 25 இலட்சம் தடவை விலங்குகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு எண்பது மீண்டும் பணிக்குத் திரும்பின என்பர். ஒரே படை, ஒரே விலங்கு. இடையில் வந்தது பயிற்சி.

இந்தியாவில் இலாகூரிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மிருக வைத்தியக் கல்லூரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் எழுந்தன. சென்னைக் கல்லூரி 1903 இற் றொடங்கி, 1936 இற் சர்வகலாசாலைப் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. இலங்கையர் நெடுங்காலம் இந்தியாவுக்கோ இங்கிலாந்துக்கோ சென்றே இக்கல்வியைப் பெற்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரேர்ஜஸ் என்பவர் அரசாங்க மிருக வைத்தியராயிருந்த காலத்தும், அவருக்குப் பின் வந்தோர் காலத்தும், திணைக்களத்தின் முதற்கவலை மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த கொள்ளைநோயாகவே இருந்தது. 1909 ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம் அக்கவலையிற் பிறந்தது. தீவு முழுவதும் மாட்டையும் எருமையையும் நம்பியிருந்த குடியானவரை நோக்க, இஃது முறையான கவலையே. துரைமாரின் குதிரைக்காகத் திணைக்களம் தன் சிறுதொகையான வைத்தியரைச் செலவிடவில்லை என்று குறைகூறுதல் பொருந்தாது.

1947 இல் இலங்கைச் சர்வகலாசாலையில் மிருக வைத்தியக் கல்வி தொடங்கிற்று. பின்னர் பேராதனையில் அது நிலைபெற்று, 1980 இல் தனிப் பீடமாகியது. நாட்டு மக்களுள் எவரும், தோட்டத் தொழிலாளியின் மகனும், தகுதி பெற்றாற் குதிரை வைத்தியனாகலாம் என்னும் நிலை ஏட்டளவிலேனும் அப்போதுதான் வந்தது. ஆயின் அதற்குள் லாயங்கள் வெறுமையாகிவிட்டன. மோட்டார் வண்டியும் மோட்டார்ச் சைக்கிளும் தோட்டத் தெருக்களில் ஏறிய பின்னர் குதிரைப்படி கொடுக்கவேண்டிய தேவை ஒழிந்தது. துரைமாரின் குதிரைப்படை, இறுதியில் இலங்கைக் குதிரைத் துப்பாக்கிப்படை என்ற பெயருடன், 1938 இற் கலைக்கப்பட்டது. எஞ்சியது பந்தயம். நுவரெலியாவில் 1875 இலிருந்தும், கொழும்புக் கறுவாத்தோட்டத் திடலில் 1893 இலிருந்தும் நடந்துவந்த ஓட்டப் பந்தயங்களே குதிரைகளைத் தீவில் வைத்திருந்தன. 1956 இற் பண்டாரநாயக்கா அரசாங்கம் பந்தயக்காசு கட்டுதலைத் தடைசெய்தது. மிருக வைத்தியரைப் பதிவுசெய்து அவர்களின் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் நிறைவேறியதும் அதே 1956 ஆம் ஆண்டிலேயே. தொழிலுக்குச் சட்டம் வந்த ஆண்டில் அத்தொழிலின் ஒரு கிளைக்கு நோயாளிகள் அற்றுப்போயினர். சூதாட்டத்தால் அழிந்த குடும்பங்களை எண்ணுவோர் அத்தடையைப் பழிக்கமாட்டார். ஆயினும் ஒரு நன்மைக்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதியாக இதனையும் கணக்கில் எழுதவேண்டும். 1981 இல் நுவரெலியாவிற் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது, இடையிலே கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. மூத்தவர் இளையவருக்குக் கையைப் பிடித்துக் காட்டித்தரும் தொடர் ஒருமுறை அறுந்தால், குதிரைகளை மட்டும் இறக்குமதி செய்வதனால் அது மீண்டும் பொருந்திவிடாது.

இனி, இப்பயிற்சி செழித்துள்ள நாடுகளின் நிலையைக் காண்போர் அங்கும் யாவும் நன்றாயில்லை என அறிவர். இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டிலும் அமெரிக்காவின் லெக்சிங்டனிலும் பெருங் குதிரை வைத்தியசாலைகள் உள்ளன. லெக்சிங்டனில் ஹேக்யார்ட் குடும்பத்தார் 1876 இற் றொடங்கிய வைத்தியப் பணி இன்றுவரை தொடர்கின்றது. பட்டம் பெற்ற இளைஞர் இத்தகைய இடங்களில் ஓராண்டு உள்ளகப் பயிற்சிக்குச் சேருவர். இரவிற் சூலைக் குதிரைகளுக்குக் காவலிருத்தல், பிறந்த குட்டிகளைக் கவனித்தல், சத்திரசிகிச்சையின்போது மயக்கமருந்து கொடுத்தல், மூத்த வைத்தியரோடு பண்ணைதோறும் செல்லுதல் என அவ்வாண்டு கழியும். ஊதியமோ நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கச் சென்ற வகுப்புத் தோழரின் ஊதியத்திலும் மிகக் குறைவு. அமெரிக்கப் பரிவைத்தியர் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டிற் புதிதாகப் பட்டம் பெறுவோருள் நேராகக் குதிரைத் தொழிலுக்குச் செல்வோர் நூற்றுக்கு 1.3, குதிரை உள்ளகப் பயிற்சிக்குச் செல்வோர் நூற்றுக்கு 4.5. ஐந்தாண்டுகளுக்குள் இவர்களிற் பாதிப்பேர் அத்தொழிலை விட்டு அகலுகின்றனர். இந்நிலையை ஆராய்வதற்குச் சங்கம் 2022 இல் அமைத்த ஆணைக்குழு, தன் உபகுழுக்களுள் ஒன்றை உள்ளகப் பயிற்சிக்கெனவே ஒதுக்கியது.

இதனைக் கண்டு உள்ளகப் பயிற்சியே வீண் என்று முடிவுகட்டுதல் தவறு. பயிற்சி என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. நள்ளிரவிற் குழாயைப் பிடித்துநிற்கும் இளைஞனின் அருகே மூத்தவர் ஒருவர் நின்று, அவன் விரலைச் சரியான இடத்தில் வைப்பாராயின் அது கல்வி. மூத்தவர் வீட்டிலே உறங்க, இளைஞன் தனியே விழித்திருந்து குறைந்த சம்பளத்திற் காவல் காப்பானாயின் அது கூலி. படர்கொடிக்கும் குதிரைக்காரனின் மகனுக்கும் இடையே ஊவாவிற் காணப்பட்ட வேறுபாடும் இதுவே. இருவரும் உழைத்தனர், ஒருவனுக்கே அவ்வுழைப்புப் படிக்கட்டாயிற்று. இலங்கையில் மனித வைத்தியத்தில் தேறியோர் முழுப்பதிவு பெறுமுன் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறவேண்டும் என்பது விதி. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் விதிகள் மிருக வைத்தியப் பட்டப்படிப்பின் இறுதியில் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. இவை பொதுப் பயிற்சிகள். குதிரைக்கென ஓராண்டு முழுவதையும் ஒதுக்குவதற்கு இலங்கையிலுள்ள குதிரைத்தொகை இடந்தராது. ஆதலின் அத்துறையை விரும்பும் பேராதனைப் பட்டதாரி கடல் கடந்தே செல்லவேண்டும். ஒருகாலத்திற் குதிரை கப்பலேறி இங்கே வந்தது. இக்காலத்தில் வைத்தியன் விமானமேறிக் குதிரையிடம் செல்கின்றான்.

இங்கே எஞ்சியுள்ளவை சில. கொழும்பிலே பொலிசாரின் குதிரைப்பிரிவு உண்டு. நுவரெலியாவிற் சித்திரை வசந்தகாலப் பந்தயத்துக்கு நிற்கும் குதிரைகளும், உல்லாசப் பிரயாணிகளை ஏற்றித் திரியும் மட்டக்குதிரைகளும் உண்டு. பிந்தியவை பகல் முழுதும் தார்த்தெருவில் நடப்பவை. இலாடமும் குளம்பும் பார்ப்பாரை நாடி நிற்பவை. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்து வளர்ப்பின் வழித்தோன்றல்கள் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. 2015 இல் அத்தீவின் ஒரு பகுதி தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கோடைக்காலத்திற் குளங்கள் வற்றும்போது அக்குதிரைகள் நீரின்றி மடிவது பத்திரிகைகளில் அவ்வப்போது வரும் செய்தி. இவை யாவற்றையும் ஒருவர் ஓராண்டுக்குள் முறையே சுற்றிவந்து, பேராதனை ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையிற் பழகுவாராயின், நியூமார்க்கெட்டின் பயிற்சி கிடைக்காவிடினும், கழுத்து நாளத்துக்கும் நாடிக்கும் வேறுபாடு அறிந்த ஒரு கையேனும் தீவில் இருக்கும். அதற்கு வேண்டிய செலவு பெரிதன்று. இரண்டொரு திணைக்களங்கள் தம்முட் கலந்து பேசவேண்டும், அதுவே கடினம்.

ஊவாவிலோ குதிரைக்குரிய இடத்தை இன்று பால்மாடு பெற்றுள்ளது. லயத்தின் பின்புறத்து மாட்டுப்பட்டியிற் கட்டிய ஒரு பசு, தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கொழுந்துச் சம்பளத்தோடு சேரும் மற்றொரு வருவாய். பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. வைத்தியப் பட்டத்துக்குப் பேராதனைக்கே செல்லவேண்டும். மடுல்சீமையின் மேற்கணக்கிற் கன்று ஈனமாட்டாது இரவிற் கதறும் பசுவைப் பார்க்க, மழையில் ஏறிவரும் இளம் வைத்தியனின் பின்னால் அநுபவமுள்ள ஒருவர் நிற்கின்றாரா என்பது, அப்பசுவை வைத்திருப்போனுக்குச் சிறிய கேள்வியன்று.